வந்த பிள்ளைக்கு முதலில் வீடா, பள்ளிக்கூடமா?

காரைக்குடி ஆச்சி:
மகளைத் தத்தெடுத்துப் பதினாறு மாதம் ஆகிறது. வரும்போது ஆறு வயது. ஒரு மாதத்திலேயே பள்ளியில் சேர்த்தோம். 'கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த போட்டோ கொண்டு வா' என்று வகுப்பில் கேட்டுவிட்டார்கள். அவளிடம் ஏது? அன்று ராத்திரி துணிமணியைப் பையில் அடைத்துக்கொண்டு முகப்பில் வந்து உட்கார்ந்துவிட்டாள். திரும்பக் கொண்டுபோய் விடப்போகிறோம் என்று நினைத்திருக்கிறாள். அதோடு நிறுத்தி, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் திட்டுகிறார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை வாத்தியார்:
போட்டோ கேட்டது தப்புதான் ஆச்சி. அதற்குப் பள்ளியை மாற்றியிருக்கலாம். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பிள்ளைக்குக் கொடுத்த உரிமையை நீங்கள் எப்படி நிறுத்த முடியும்? இன்றைக்கு வகுப்பில் கேட்டதை நாளைக்குக் கல்யாண வீட்டில் கேட்பார்கள். அங்கேயும் போகாமல் இருப்பீர்களா? என்னை மறைத்து வைக்கிறார்கள் என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும்.

காரைக்குடி ஆச்சி:
மறைக்கவில்லை சார். கலெக்டர் உத்தரவு போட்டு வந்த பிள்ளை. இரண்டு வருடத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சமூகப் பணியாளர் வந்து பார்க்கிறார். 14 வயது முடிந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதலாம். போன வாரம் தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிமேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றுகிறார்கள், அதன்மேல் சிமென்ட். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பட்டாலையில், அதாவது கூடத்தில், தரையில் எத்தனை கல் என்று எண்ண ஆரம்பித்தவள், ஒரு வரிசையில் உள்ள கல்லை வரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள்.

கண்டனூர்க்காரன்:
ஆச்சி, நானே பிள்ளை கூட்டி வந்தவன், அதாவது தத்துப் பிள்ளை. ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டுக்குத்தான் வந்தேன், 9 வயதில் தத்துச் சடங்கில் மஞ்சள் நீர் குடித்தேன். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், எல்லோருடைய கண்ணும் என்மேல்தான். சாப்பிட்டானா, அழுதானா, அப்பாவை அப்பச்சி என்று கூப்பிட்டானா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பாசம்தான், ஆனால் மூச்சு முட்டும். பள்ளிக்கூடத்தில்தான் நான் நாற்பது பேரில் ஒருவன். அது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா? அதை அவளுக்கு இல்லாமல் செய்யாதீர்கள்.

காரைக்குடி ஆச்சி:
உங்களைப் பெற்ற ஆத்தா எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும் தம்பி. நினைத்தால் போய்ப் பார்த்திருப்பீர்கள். இவளுக்கு அப்படி ஒரு தெரு இல்லை. எங்களை நம்பவே ஒரு வருடம் ஆனது. இப்போதுதான் கோபம் வந்தால் கத்துகிறாள், முன்பெல்லாம் பயத்தில் சரி சரி என்பாள்.
ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பது பற்றிச் சொன்னீர்களே, அது என்னைக் குத்திவிட்டது. நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

தேவகோட்டை வாத்தியார்:
கத்துகிறாள் என்றால் நல்ல சேதி. முதல் வருடம் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கலாம், அதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது வருடம் உங்கள் பயத்துக்காகத்தான் இருக்கும். ஜூனில் சேருங்கள். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர்தானே இருக்கிறது.

காரைக்குடி ஆச்சி:
ஜூன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் சார். நாளை முதல் சாயங்காலம் தெருப் பிள்ளைகளோடு விளையாட விடுகிறேன். நான் வாசலில் உட்கார மாட்டேன், உள்ளே இரண்டாங்கட்டில் இருப்பேன்.