வெண்பா முடித்துவிட்டேன், அடுத்து என்ன விளையாடலாம்?

சாட்ஸ்வொர்த்_தம்பி:
வணக்கம். 'வெண்பா' என்ற வீடியோ கேமை விளையாடி முடித்தேன், இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. 2023இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம். பாதி அழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லி, புட்டு செய்ய வேண்டும். புட்டுக் குழாயை எந்த வரிசையில் அடுக்குவது என்பதே ஒரு புதிர்! மகன் கவின் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. டர்பனில் எங்கள் வீட்டிலும் ஆயா தமிழில் கேட்பார், நாங்கள் ஆங்கிலத்தில் பேசுவோம். சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அதுதான் குறை. இதே மாதிரி அவசரமில்லாத ஆட்டம் வேறு உண்டா?

கேப்டவுன்_அக்கா:
தம்பி, 'டெரா நில்' விளையாடிப் பார். நம்ம கேப்டவுன் ஃப்ரீ லைவ்ஸ் நிறுவனம் செய்தது, அதுவும் 2023தான். பாழ்நிலத்தில் காற்றாலை வைத்து, மண்ணைச் சுத்தம் செய்து, புல் வளர்த்து, அப்புறம் நாமே தீ வைக்க வேண்டும். சாம்பல் மண்ணில்தான் காடு வரும். இங்கே மலையில் ஃபின்போஸ் என்ற புதர்ச்செடிகள் பலவும் தீக்குப் பிறகுதான் முளைக்கின்றன, அதனால் எனக்கு அந்தக் கட்டம் ரொம்பப் பிடிக்கும். கடைசியில் கட்டியதையெல்லாம் கழற்றி எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_அண்ணன்:
சண்டை பரவாயில்லை என்றால் 'ராஜி', 2020, புனேக்காரர்கள் செய்தது. கோட்டைகளும் சுவரோவியங்களும் அவ்வளவு அழகு. சண்டைதான் போகப்போக ஒரே மாதிரி ஆகிவிடுகிறது.

சாட்ஸ்வொர்த்_தம்பி:
நன்றி அண்ணா. முதலில் அக்கா சொன்னதை இறக்குகிறேன்.