வன்னிக் குளங்கள் வெள்ளைக்காரன் காலத்தில் ஏன் தூர்ந்தன?

கேள்வி: குளங்களை ஆங்கிலேயர்தான் திருத்தித் தந்தார்கள் என்கிறார்கள். அப்படியென்றால் அதற்கு முன் உடைந்தது எப்படி?

பதில் 1: எல்லாப் பழியும் அவர்கள்மேல் இல்லை, போரும் காய்ச்சலும் முன்பே பல ஊர்களைக் காலியாக்கிவிட்டன. ஆனால் 1832இல் இராசகாரியம் நீக்கப்பட்டது. கட்டாய ஊழியம் போனது நல்லதுதான். அதோடு குடும்பத்துக்கு இத்தனை முழம் குளக்கட்டு (கரை) என்று பங்கு பிரித்து மண் போடவைக்கும் அதிகாரமும் போனது. பழைய வழமையைச் சட்டத்தால் மீட்க 1856 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

மண் போடாவிட்டால் நடப்பது இது: கட்டில் மரம் முளைக்கும். மரம் பட்டால் வேர் உக்கி, அந்த இடம் குழாயாகும். மாரியில் அதனூடு நீர் கசியும். தெளிந்த கசிவென்றால் பயமில்லை, கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது. மிகை நீர் வெளியேறும் வழியான வான் தூர்ந்திருந்தால் நீர் கட்டுக்கு மேலால் பாயும். மேல்குளம் உடைந்தால் கீழ்க்குளமும் தாங்காது.

பதில் 2: 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டத்தையும் சேருங்கள். காடும் தரிசும், உரிமை நிரூபிக்கப்படும்வரை பிரித்தானிய முடிக்குரியவை என்றது அது. உறுதி (காணிப் பத்திரம்) எழுதாத சேனைக்காரர், அதாவது காடு வெட்டி மாற்றி மாற்றிப் பயிரிடுவோர், எதைக் காட்டுவார்? நெல் வரிச் சுமையோ 1892இல்தான் ஒழிந்தது.

கேட்டவர்: நன்றி. ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் இறந்தது 1803இல்தானே?

பதில் 2: கற்சிலைமடு என்ற ஊரிலுள்ள நினைவுக்கல் சொல்வது 31.10.1803 தோல்வியை, சாவை அல்ல.