பத்து வயது மகளுக்கு ஓர் ஆண்டில் எத்தனை ஸ்கேட்டிங் போட்டிகள்?

கேள்வி: கோவை அம்மா

என் மகளுக்குப் பத்து வயது. சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் ஸ்கேட்டிங்கில் இது மூன்றாவது ஆண்டு. போன ஆண்டு வாரம் நான்கு நாள் பயிற்சி. இந்த ஏப்ரல் முதல் ஆறு நாள், தினமும் இரண்டு மணி நேரம். காலை ஐந்தரைக்கு ரிங்க்கில் நிற்க வேண்டும் என்பதால் நான்கரைக்கு எழுப்புகிறேன். அது போக இரண்டு மாலைகள் ஓட்டமும் தாண்டுதலும் ஒரு மணி நேரம். ஏப்ரலில் தொடங்கி இந்த ஜூலைக்குள் ஏழு போட்டிகள் ஆகிவிட்டன. திருப்பூர், ஈரோடு, சேலம், ஒருமுறை பெங்களூரு என்று போய்வந்தோம். பெரும்பாலும் கிளப்புகள் நடத்தும் திறந்த போட்டிகள்.

மார்ச்சில் 500 மீட்டரை முடித்த நேரத்தை அவளால் இப்போது தொட முடியவில்லை. இரண்டு விநாடி கூடுதலாகிறது. மூன்று வாரமாக வலது குதிகால் வலிக்கிறது என்கிறாள். போன ஞாயிறு, கடைசியாக வருகிறவரை ஒவ்வொருவராக நீக்கும் எலிமினேஷன் போட்டியில் முதல் ஆளாக வெளியேறினாள். ஷூவைக் கூடக் கழற்றாமல் காரில் ஏறி உட்கார்ந்தவள் வீடு வரும்வரை ஒரு சொல் பேசவில்லை.

பயிற்சியாளர் அக்கறையுள்ளவர். "போட்டிதான் பயிற்சி, விட்டால் பின்தங்கிவிடுவாள்" என்கிறார். செப்டம்பரில் மாவட்டத் தேர்வுப் போட்டி, அதைத் தாண்டினால் மாநிலப் போட்டி, அதையும் தாண்டினால் டிசம்பரில் தேசியப் போட்டி. நடுவில் பள்ளி வழியாக சி.பி.எஸ்.இ. போட்டியும் வரும். எதற்குப் போவது, எதை விடுவது? இப்போது 90 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் போடுகிறாள். மற்றப் பெற்றோர் 110-க்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?

பதில்: திருச்சி பழைய ஸ்கேட்டர்

அம்மா, உங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். ஆறு நாள் பன்னிரண்டு மணி, மாலை இரண்டு மணி, ஆக வாரம் பதினான்கு. போட்டி நாளும் பயணமும் இதில் சேரவில்லை. குழந்தைக்கு எத்தனை வயதோ வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம் என்பது குழந்தைகளின் விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. உங்கள் மகளுக்குப் பத்து மணி. 500 மீட்டர் நேரம் கூடியதற்கும் எலிமினேஷனில் முதலில் வெளியேறியதற்கும் காரணம் சோம்பலோ பயமோ இல்லை. அந்த உடம்பு ஏப்ரலில் இருந்து ஓய்வைப் பார்க்கவே இல்லை.

நான் பன்னிரண்டு வயதில் இதே வழியில் போனவன். ஒரே ஆண்டில் ஒன்பது போட்டிகள். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு, மாடிப்படி இறங்கும்போதெல்லாம் வலித்தது. கட்டுத்துணி சுற்றிக்கொண்டு ஓடினேன். மாநிலப் போட்டி வந்தபோது பார்வையாளர் படியில் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உங்கள் கேள்வியைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

போட்டிக் கணக்கைக் கடைசியிலிருந்து முன்னால் போடுங்கள். இந்த ஆண்டு உண்மையில் முக்கியமானவை மாவட்டமும் மாநிலமும் மட்டுமே. தேசியப் போட்டி கிடைத்தால் மகிழ்ச்சி, அதைக் குறியாக வைக்காதீர்கள். மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு திறந்த போட்டிக்குப் போங்கள். அங்கே மெடல் பேச்சே வேண்டாம், அவளுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: கூட்டத்தில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டே ஓடுவது. எலிமினேஷனில் ஒவ்வொரு முறையும் கோட்டைக் கடைசியாகத் தாண்டுகிறவர்தான் வெளியே போகிறார். முன்வரிசையில் இருப்பதைவிட நடுவில் எங்கே நிற்பது, எப்போது உட்புறம் இறங்குவது என்று தெரிந்தவர்கள் தப்பிக்கிறார்கள். பயிற்சியாளர் சொல்வதில் உண்மை இருக்கும் இடம் இதுதான். இதைக் கூட்டத்தில் ஓடித்தான் கற்க முடியும். ஆனால் அதற்கு மாதம் ஒரு போட்டியே அதிகம். சி.பி.எஸ்.இ. போட்டி மாநிலப் போட்டிக்குப் பத்து நாளுக்குள் வந்தால் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

முக்கியப் போட்டிக்கு முந்தைய வாரம் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். வேகத்தைக் குறைக்க வேண்டாம். நூறு மீட்டர் வேக ஓட்டம் நான்கைந்து, இடையில் முழு ஓய்வு, அவ்வளவுதான். அந்த வாரம் புதுச் சக்கரம், புது ஷூ எதுவும் கூடாது.

சக்கரத்துக்கு வருகிறேன். 110-இல் உயரம் கூடும், ஓட்டம் பிடிக்க அதிக பலம் வேண்டும். கணுக்காலில் பலம் போதாத குழந்தைக்குப் பாதம் உள்பக்கம் சாயும், தள்ளும் விசை பக்கவாட்டில் போகாமல் பின்னால் வீணாகும். அவளை ஒற்றைக் காலில், முழங்கால் மடக்கி, பத்து விநாடி நேர்கோட்டில் உருளச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். கணுக்கால் சாய்ந்தால் 90 போதும், அடுத்த ஆண்டு 100. இன்னொன்று, போட்டிகள் எல்லாம் இடஞ்சுழியாகவே நடப்பதால் குழந்தைகள் இடப்பக்கம் மட்டுமே திரும்பித் திரும்பி இடுப்பு ஒருபக்கமாக இறுகிவிடும். வாரத்தில் ஒரு பகுதியாவது வலப்பக்கமாகச் சுற்றவைக்கச் சொல்லுங்கள்.

சென்னையின் ஸ்கேட்டர் ஆனந்த்குமார் வேல்குமாரைப் பாருங்கள். 2021-இல் கொலம்பியாவின் இபாகேயில் ஜூனியர் உலகப் போட்டியில் 15 கி.மீ. எலிமினேஷனில் வெள்ளி வாங்கினார். சீனாவின் பெய்டைஹேயில் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்து உலகச் சாம்பியன் ஆனது 2025-இல். அதே போட்டியில் 42 கி.மீ. மாரத்தானிலும் தங்கம். ஜூனியர் வெள்ளிக்கும் சீனியர் தங்கத்துக்கும் நடுவிலேயே நான்கு ஆண்டுகள். உங்கள் மகள் ஜூனியர் வயதை எட்டவே இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன.

பதில்: பிசியோ, மதுரை

குதிகால் பற்றி மட்டும் சொல்கிறேன். எட்டு முதல் பதினான்கு வயதுக்குள் வரும் குதிகால் வலியில் அதிகம் காண்பது, வளரும் எலும்பின் தகட்டைக் கெண்டைக்கால் தசைநார் இழுப்பதால் வரும் வலி. குதிகாலின் இரு பக்கத்தையும் விரல்களால் சேர்த்து அழுத்தினால் வலிக்கிறதா பாருங்கள். ஸ்கேட்டிங்கைவிட மாலையில் தரையில் நடக்கும் ஓட்டமும் தாண்டுதலும்தான் இதை அதிகம் தூண்டும். முதலில் அவற்றை நிறுத்துங்கள். பயிற்சிக்குப் பின் பத்து நிமிடம் துணி சுற்றிய ஐஸ், கெண்டைக்காலை மெதுவாக நீட்டும் பயிற்சி, பள்ளி ஷூவுக்குள் மெத்தென்ற குதிகால் பட்டை. நொண்டினாலோ, இரவில் வலித்தாலோ, வீக்கம் இருந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று வாரம் ஆகிவிட்டதால் எப்படியும் ஒருமுறை காட்டுவதே நல்லது.

பதில்: சென்னை அப்பா

மழையை யாரும் சொல்லவில்லையே! எங்களுக்கு மாநிலப் போட்டிக்கு முந்தைய வாரங்களில்தான் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ரிங்க் ஈரமானால் நான் மகனை இறக்கவே மாட்டேன். ஒருமுறை வளைவில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது. வீட்டுக் கூடத்தில் சறுக்குப் பலகை செய்து வைத்திருக்கிறேன். சன்மைக்கா ஒட்டிய ஐந்தடிப் பலகை, இரு முனையிலும் தடுப்புக் கட்டை, காலில் கம்பளி சாக்ஸ். தாழ்ந்து உட்கார்ந்த நிலையில் முப்பது விநாடி பக்கவாட்டில் தள்ளி, ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி ஆறு முறை. மழையில் நனைந்தால் சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங்கை அன்றே கழற்றித் துடைத்து, காயவைத்து எண்ணெய் விடுங்கள். மறுநாள் பார்த்தால் துரு ஏறியிருக்கும்.

கோவை அம்மா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குதிகாலை இருபக்கமும் அழுத்தியதும் கையைத் தட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் போகிறோம். ஒற்றைக்கால் சோதனையில் இடது கணுக்கால் ஆறாவது விநாடியிலேயே சாய்ந்தது, அதனால் 90-தான். பயிற்சியாளரிடம் மணிக்கணக்கை எழுதிக் காட்டினேன். முதலில் முகம் வாடினார், பிறகு மாலைப் பயிற்சியை நிறுத்தவும் வாரம் ஐந்து நாளாகக் குறைக்கவும் ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் ஒரே ஒரு போட்டி. புது அட்டவணையைக் காட்டியபோது மகள் கேட்ட முதல் கேள்வி, "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை தூங்கலாமா?"

சென்னை அப்பா, தடுப்புக் கட்டைக்கு எந்த மரம்?

சென்னை அப்பா

பழைய கட்டில் சட்டத்தை அறுத்துப் போட்டேன், மூன்று ஆண்டாகத் தாங்குகிறது. உள்பக்கம் ரப்பர் ஒட்ட மறக்காதீர்கள், கால் பட்டால் வலிக்கும். ஆணியை விடுத்துத் திருகாணி போடுங்கள்.