காரைக்குடிப் பக்கம் நல்ல மட்டன் பர்கர்: கடையில் எதைப் பார்ப்பது, வீட்டுத் தோசைக்கல்லில் எப்படிப் போடுவது?

தேவகோட்டை ஆச்சி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பர்கர் என்று கேட்டால் பெரும்பாலும் ரொட்டித்தூள் பூசிய சிக்கன் கட்லெட்டைப் பொரித்து, பன்னுக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். நான் கேட்பது அது இல்லை. கொத்துக்கறியைக் கல்லில் போட்டு, ஓரம் முறுகலாக, உள்ளே சாறோடு வரும் ஹாம்பர்கர். வீட்டில் மாட்டுக்கறி சேர்ப்பதில்லை. வெள்ளாட்டுக் கறிதான்.

செய்து பார்த்த முறை இது: அரை கிலோ கொத்துக்கறியை இரண்டு தண்ணீரில் கழுவிப் பிழிந்தாயிற்று. ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, இஞ்சி பூண்டு விழுது, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுப் பத்து நிமிடம் பிசைந்து, அரை அங்குலக் கனத்தில் தட்டி, மிதமான தீயில் வைத்தேன். கல்லில் தண்ணீர் விட்டுக்கொண்டே வெந்தது, சிவக்கவே இல்லை. சுருங்கி நடுவில் உப்பிக்கொண்டது. கடித்தால் ரப்பர். பன்னின் அடிப்பாகம் ஊறிப் பிய்ந்துவிட்டது.

எங்கே தப்பு? இன்னொன்று, வெளியில் சாப்பிடுவதானால் கடையில் எதைப் பார்த்து நல்ல பர்கர் என்று தெரிந்துகொள்வது? வெளிநாட்டில் போய்ச் சாப்பிட வேண்டிய இடங்கள் இருந்தாலும் சொல்லுங்கள், அடுத்த வருடம் ஒக்லஹோமாவுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

இரும்புக்கல்

ஆச்சி, நீங்கள் பிசைந்தது கோலா உருண்டைக்கான பிசைவு. கோலாவுக்கு அது சரி. கறி ஒன்றோடொன்று கட்டிக்கொள்ள வேண்டும், எண்ணெயில் உடையக் கூடாது, அதற்குத்தான் பொட்டுக்கடலை. பர்கருக்கு நேர்மாறு. கறித்துணுக்குகள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொண்டு, நடுவே இடைவெளியோடு இருந்தால்தான் கடிக்கும்போது உதிரும், சாறும் அந்த இடைவெளியில் தங்கும்.

ரப்பராக்கியது உப்பு. உப்பைக் கறியோடு சேர்த்துப் பிசைந்தால் தசையில் உள்ள மயோசின் என்ற புரதம் கரைந்து வெளியே வந்து பசையாகிறது. சூடு பட்டதும் அந்தப் பசை இறுகிவிடும். சாசேஜ் செய்கிறவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்வார்கள். உங்கள் கையில் கறி ஒட்ட ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஆகவே கறிக்குள் எதுவும் வேண்டாம்: முட்டை, மாவு, வெங்காயம், உப்பு ஒன்றும் வேண்டாம். கல்லில் போடும் அந்த நொடியில் மேலே உப்பு மட்டும் தூவினால் போதும்.

தண்ணீர் விட்டதற்குக் காரணம் கழுவியது. கொத்திய கறி பஞ்சு மாதிரி, எவ்வளவு பிழிந்தாலும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் ஆவியாகும்வரை கல்லின் சூடு 100 டிகிரிக்கு மேல் கறிக்கு ஏறாது. கறி சிவப்பதற்கு 140 டிகிரிக்குப் பக்கமாவது வேண்டும். கழுவாமல் மனசு கேட்காது என்றால் முழுத் துண்டாக இருக்கும்போதே கழுவி, துணியால் ஈரம் ஒற்றி, அப்புறம் கொத்துங்கள்.

அடுத்தது கொழுப்பு. அமெரிக்காவில் மாட்டின் தோள்பகுதியை எடுத்து 80 பங்கு கறிக்கு 20 பங்கு கொழுப்பு என்று அரைப்பார்கள். நம் வெள்ளாடு மெலிந்த கறி, தொடையில் கொழுப்பே இருக்காது. கறிக்கடையில் முன்னங்கால் சப்பையில் 400 கிராம், நெஞ்சுக் கொழுப்பு 100 கிராம் கேளுங்கள். நெஞ்சுக் கொழுப்பு இல்லையென்றால் குண்டிக்காயைச் சுற்றியுள்ள கொழுப்பு. ஆனால் அது சீக்கிரம் உறைந்து மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும், தட்டைச் சுடவைத்துப் பரிமாற வேண்டியிருக்கும். ஜவ்வை உரித்துவிட்டு, மிஷினில் முதலில் பெரிய கண், அடுத்து சின்னக் கண் என்று இரண்டு ஓட்டு ஓட்டச் சொல்லுங்கள். மிக்ஸிதான் என்றால் துண்டுகளை ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து, ஓரம் விறைத்ததும் விட்டுவிட்டு மூன்று நான்கு சுற்று. தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் கொழுப்பு உருகி வெண்ணெய் மாதிரி பூசிக்கொள்ளும், பிறகு அது கல்லில் வடிந்து போய்விடும்.

இப்போது போடும் முறை. அரை கிலோவை 70 கிராம் வீதம் ஏழு உருண்டை பிடியுங்கள். உருட்டி வழவழப்பாக்க வேண்டாம், சும்மா சேர்த்துப் பிடித்தால் போதும். ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். கனமான இரும்புத் தோசைக்கல்லைப் பெரிய தீயில் ஐந்தாறு நிமிடம் காயவிடுங்கள். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று அடங்கக் கூடாது, முத்து முத்தாக ஓட வேண்டும். துளி எண்ணெய் தேய்த்து, உருண்டையை வைத்து, மேலே ஒரு பட்டர் பேப்பர், அதன்மேல் தட்டையான அடியுள்ள கனத்த பாத்திரத்தால் பத்து விநாடி அழுத்துங்கள். பன்னைவிட அரை அங்குலம் அகலமாக விரிய வேண்டும், எப்படியும் கால் பங்கு சுருங்கும். அழுத்துவது முதல் அரை நிமிடத்துக்குள் மட்டும்தான். கொழுப்பு உருகிய பிறகு அழுத்தினால் சாறு முழுக்கக் கல்லில்தான்.

விளிம்பு பழுப்பாகி, மேலே அங்கங்கே சாறு கொப்புளிக்கும்போது, சுமார் இரண்டு நிமிடத்தில், புரோட்டா மாஸ்டர் வைத்திருக்கும் கூர்விளிம்புச் சட்டுவத்தால் கல்லோடு சுரண்டி எடுத்துத் திருப்புங்கள். சாதாரணத் தோசைக்கரண்டி அந்த முறுகலைக் கல்லிலேயே விட்டுவிட்டு வரும். மறுபக்கம் ஒரு நிமிடம். ஒரு பன்னுக்கு இப்படித் தட்டிய கறி அடை இரண்டு.

கொத்திய கறியை உள்வரை 71 டிகிரி வேகவைக்க வேண்டும், கத்தி பட்ட இடமெல்லாம் கிருமி கலந்திருக்கும். முழுக்க வெந்தால் கனத்த வெள்ளாட்டு அடை உலர்ந்துபோகும். மெல்லிசாகத் தட்டிய அடையில் வேக்காடும் முறுகலும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது. அதனால்தான் ஆட்டுக்கறிக்கு இந்த முறையை அழுத்திச் சொல்கிறேன்.

புதுவயல் மசாலா

அண்ணே சொன்னதில் ஒன்றுதான் இடிக்கிறது. மசாலாவே இல்லாத ஆட்டுக்கறி என்றால் கவிச்சி அடிக்காதா? எங்கள் பக்கத்தில் சோம்பு, மிளகு இல்லாமல் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள்.

இரும்புக்கல்

நியாயமான கேள்வி. கவிச்சி பெரும்பாலும் கொழுப்பில் இருக்கிறது, அதுவும் விதையடிக்காத முற்றிய கிடாவில் அதிகம். இளம் ஆடாக வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். மசாலாவைக் கறிக்குள் போடாமல் திருப்பிப் போட்ட பக்கத்தில் தூவுங்கள்: இரண்டு பங்கு மிளகு, ஒரு பங்கு சோம்பு, வெறும் சட்டியில் வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்தது, அடைக்குக் கால் தேக்கரண்டி. திருப்புவதற்கு முன் தூவினால் கல்லில் கருகிக் கசக்கும். கல்பாசி, மராட்டி மொக்கு எல்லாம் எண்ணெயில் நேரம் எடுத்து மணம் விடும் சரக்கு, மூன்று நிமிடச் சமையலில் அவற்றுக்கு வேலையில்லை.

காரத்துக்கு நம் வரமிளகாய்த் துவையலே போதும். ஆறு வரமிளகாய், பத்து சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, கொட்டைப்பாக்களவு புளி வதக்கித் தண்ணீர் விடாமல் அரைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மயோனைஸ். மயோனைஸ் முட்டையில்லாததாக வாங்குங்கள். பச்சை முட்டையில் செய்ததைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்ததற்குக் காரணமே அதிலிருந்து வரும் உணவு நஞ்சுதான்.

இரண்டு கரை

ஆச்சி, ஒக்லஹோமா என்றால் எல் ரினோ ஊரை விடவே கூடாது. ஒக்லஹோமா நகரத்துக்கு மேற்கே, பழைய 66ஆம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. வெங்காய பர்கருக்குப் பேர்போன ஊர். 1926இல் தொடங்கிய ராபர்ட்ஸ் கிரில், ஜானிஸ் கிரில், சிட்ஸ் டைனர் மூன்றும் அங்கேதான். கறி விலை தாங்காத காலத்தில் வெங்காயத்தைச் சேர்த்து அளவைக் கூட்டியதில் பிறந்த பண்டம். கல்லருகில் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்து கையைப் பாருங்கள். கறி உருண்டையின் மேல் கண்ணாடி மாதிரி சீவிய வெங்காயம் ஒரு பிடி, சட்டுவத்தால் கறிக்குள் புதையும்படி அழுத்தல், திருப்பினால் வெங்காயம் அடியில் போய்க் கொழுப்பிலேயே வதங்கும், அதன்மேல் பன்னைக் கவிழ்த்து ஆவியில் மெத்தென்று ஆக்குவார்கள்.

வீட்டில் இதற்குப் பெல்லாரி வெங்காயம்தான் தோது, கறியின் எடையில் பாதி. சின்ன வெங்காயத்தில் இனிப்பு அதிகம், சீக்கிரம் கருகும். அதுதான் வேண்டுமென்றால் திருப்பியதும் தீயைப் பாதியாகக் குறையுங்கள்.

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் போனால், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரத்தில் லூயிஸ் லஞ்ச். 1895இல் தொடங்கிய கடை, 1900இலேயே ஹாம்பர்கர் போட்டோம் என்று சொல்கிறார்கள். செங்குத்தான பழைய வார்ப்பிரும்பு அடுப்பில் சுட்டு, பன்னில் இல்லாமல் வறுத்த ரொட்டித்துண்டில் வைப்பார்கள். கெட்சப் கேட்டால் கிடையாது. கறி நன்றாக இருந்தால் எவ்வளவு குறைவாகச் சேர்க்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு மலேசியா பக்கம்தானே, அங்கே தெருவோரத்தில் ராம்லி பர்கர் தேடுங்கள். அடையை மார்கரினில் வாட்டி, குறுக்கே பிளந்து சாஸும் மிளகுத்தூளும் போட்டு, கல்லில் ஒரு முட்டையை மெல்லிசாகப் பரப்பி, அடையை நடுவில் வைத்து நாலு பக்கமும் பொட்டலம் மாதிரி மடிப்பார்கள். உலர்ந்த கறியைக்கூட முட்டை காப்பாற்றிவிடும். முட்டை தோசை போடத் தெரிந்த கைக்கு ஒரே நாளில் வந்துவிடும்.

பன் அடுப்பு

கடையைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பெயரை வைத்துப் போகாதீர்கள், அடுப்பைப் பாருங்கள். எண்ணெய்ச் சட்டி மட்டும் இருந்து கல் இல்லையென்றால் அங்கே கட்லெட்தான். கல் இருந்தால், அதில் பன்னின் வெட்டிய முகத்தை வாட்டுகிறார்களா? கறி, ஆர்டர் சொன்ன பிறகு கல்லுக்குப் போகிறதா, முன்பே வெந்து அடுக்கியிருக்கிறதா? "கறி நீங்களே அரைப்பதா, ஃப்ரோசனா?" என்று நேராகக் கேளுங்கள். சொந்தமாக அரைப்பவர் தயங்காமல் எந்தப் பகுதிக் கறி என்றுகூடச் சொல்வார். மாலை ஏழரை மணிபோலக் கல் நன்றாகக் காய்ந்திருக்கும் நேரத்தில் போவது நல்லது. கடை திறந்த உடனே போடும் முதல் பர்கர் வெளிறித்தான் வரும்.

பன் ஊறுவதற்கு வருகிறேன். பேக்கரியில் சும்மா பன் என்றால் இனிப்புப் பன்னைத்தான் எடுத்துத் தருவார்கள், அது சாறு பட்டதும் குழைந்துவிடும். முதல் நாளே சொல்லி, சர்க்கரை குறைத்து, நாலு அங்குல அகலத்தில், ஒரு பன் 60 கிராம் இருக்கும்படி கேளுங்கள். அன்று சுட்டதாக இருக்க வேண்டும், ஆனால் முழுக்க ஆறிய பிறகு வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் வெண்ணெய் தடவி, மிதமான கல்லில் ஒரு நிமிடம். பொன்னிறமான அந்த மேற்பூச்சுதான் சாற்றைத் தடுக்கும்.

அடுக்கும்போது அடிப்பன், அதன்மேல் சாஸ், அதற்குமேல் ஈரம் ஒற்றிய முட்டைக்கோஸோ லெட்யூஸ் இலையோ, பிறகு கறி, சீஸ், மேல்பன். தக்காளியைக் கறிக்குக் கீழே வைக்காதீர்கள், அதன் நீர்தான் பன்னைப் பிய்க்கிறது. சீஸ் துண்டைக் கறி கல்லில் இருக்கும்போதே வைத்து அரை நிமிடம் மூடினால் உருகிப் பிடித்துக்கொள்ளும்.

தேவகோட்டை ஆச்சி

மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: ‘ஹாம்’ என்றால் பன்றிக்கறி, ஹாம்பர்கர் என்ற பெயரிலேயே அது இருக்கிறது என்று வீட்டில் பெரியவர்கள் ஒதுக்குகிறார்கள். அப்புறம், ஞாயிறு காலை வாங்கும் கறியை மாலைவரை அரைத்து வைக்கலாமா?

இரும்புக்கல்

பெயர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்தது, பன்றிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் 1996இல் டெல்லியில் மெக்டொனால்ட்ஸ் முதல் கடை திறந்தபோதே மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் இல்லாமல்தான் திறந்தார்கள். அவர்களுடைய மகாராஜா மேக் அப்போது ஆட்டுக்கறியில்தான் வந்தது என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கறியைத் துண்டாக ஃப்ரிட்ஜில் வையுங்கள், சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அரையுங்கள். கறிக்கடையிலேயே அரைத்து வாங்கினால் ஐஸ் போட்ட பையில் கொண்டுவந்து நேராக ஃப்ரிட்ஜுக்கு, அன்று மாலையே தீர்த்துவிடுங்கள். உருண்டைகளைக் கல் காயும்வரை வெளியே எடுக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் கால் மணி நேரத்தில் கொழுப்பு இளகிக் கையில் ஒட்டும்.