அழைத்தலா, அச்சமா? எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 26, கணக்கராகப் பணிபுரிகிறேன். அருட்சகோதரியாக வேண்டும் என்ற எண்ணம் மூன்று ஆண்டுகளாக என்னை விட்டு நீங்கவில்லை. காட்சியோ குரலோ எதுவும் இல்லை. வேலை முடிந்து கால்மணி நேரம் ஆலயத்தில் அமர்ந்துவிட்டுப் போகலாம் என்று நுழைபவள், கதவைப் பூட்டச் சாவிக்கொத்தோடு வரும் உபதேசியார் கனைத்த பிறகுதான் எழுகிறேன், அவ்வளவே. ஆனால் வீட்டில் திருமணப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த எண்ணம் வலுப்பதையும் கவனிக்கிறேன். இது இறையழைத்தலா, குடும்பப் பொறுப்புக்கு அஞ்சி நான் தேடிக்கொள்ளும் ஒதுங்குமிடமா? படிப்புக்காக வாங்கிய கடனும் இன்னும் முடியவில்லை.

மறுமொழி 1:
அன்புச் சகோதரி, நான் துறவற சபையில் சேர்ந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. அச்சம் கலந்திருப்பதாலேயே அழைத்தல் பொய்யாகிவிடாது. துறவறத்தைத் தேர்ந்தபோது தம்மை உந்தியது அன்பைவிட அச்சமே என்று அவிலா நகர்ப் புனித தெரேசா பின்னாளில் ஒளிவுமறைவின்றி எழுதினார். தந்தையின் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது எலும்புகள் தனித்தனியே கழல்வதுபோல் இருந்தது என்றும் குறிப்பிட்டார். திருமணப் பேச்சே இல்லாத அமைதியான நாள்களில் உங்கள் விருப்பம் என்ன ஆகிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். அதை ஒரு நோட்டில் எழுதிவந்து, ஆன்ம வழிகாட்டி ஒருவரிடம் காட்டுங்கள். மனம் வறண்டு கலங்கும் வேளையில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது லொயோலா புனித இஞ்ஞாசியார் தந்த விதி. அந்த வறட்சி உங்களுக்கும் வரும். மற்றபடி, மடத்தில் பொறுப்பு குறைவு என்று எண்ணுபவர், ஒரே சமையலறையைப் பன்னிரண்டு பெண்கள் பகிர்ந்துகொள்வதைப் பார்த்ததில்லை.

மறுமொழி 2:
துறவறத்தின் தொடக்கப் பயிற்சிக் காலமான நவதுறவகத்தின் ஒன்பதாம் மாதத்தில் வெளியேறியவள் நான். உள்ளே நுழைவதே இறுதி முடிவு என்று அஞ்ச வேண்டாம். நவதுறவகம் குறைந்தது 12 மாதங்கள். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாட்டில், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுக்கும் துறவற வாக்குறுதியில், குறைந்தது 3 ஆண்டுகள். வாழ்நாள் முழுமைக்குமான நித்திய வார்த்தைப்பாடு அதற்குப் பிறகுதான். நவதுறவி தாமாகவே விலகிச் செல்லத் திருச்சபைச் சட்டம் இடமளிக்கிறது. நான் புறப்பட்ட காலையில், சேர்ந்த அன்று ஒப்படைத்திருந்த என் கைக்கடிகாரத்தை நவதுறவியர் தலைவி திருப்பிக் கொடுத்தார். அது சரியான நேரத்தைக் காட்டியது. நின்றுபோயிருந்ததற்குப் புதிய பேட்டரி போட்டு வைத்திருந்தார். இன்றும் அங்கே போய்வருகிறேன்.

மறுமொழி 3:
கடனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! திருப்பிச் செலுத்த இயலாத கடன் உள்ளவரை நவதுறவகத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 644ஆம் பிரிவு. எனவே முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். கடன் முடியும்வரை காத்திருக்கும் காலத்தில் இரண்டு மூன்று சபைகளுக்குச் சென்று தங்கிப் பாருங்கள். அடைபட்ட மடத்தில் செபவாழ்வு வாழ்வதும், பள்ளியிலோ மருத்துவமனையிலோ பணிசெய்வதும் ஒன்றல்ல.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. கடன் முடிய இன்னும் 14 மாதங்கள் உள்ளன. நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில், 'இன்று வீட்டில் யாரும் திருமணத்தைப் பற்றிப் பேசவில்லை' என்று எழுதினேன். அதற்குக் கீழே எழுதியதை ஆன்ம வழிகாட்டியிடம்தான் முதலில் காட்டப்போகிறேன்.