மறுமொழி: ‘நோபிலைசேஷன்’ – கரும்பேற்றம் எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். கரும்பை நாணலோடு கலந்து, பிறகு மறுபடி மறுபடி கரும்போடே சேர்ப்பதை ஆங்கிலத்தில் ‘நோபிலைசேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

//நோபிள் கேன் என்பதால் ‘உயர்குடியாக்கம்’ பொருந்தும்.//

ஐயா, இந்தச் சொல் வேண்டாம். குடியில் உயர்வு தாழ்வு பேசிய பேச்சால் நம் ஊர்கள் பட்டது போதும். பயிர்க்கலப்புப் பாடத்திலும் பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டாம். அதோடு, அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையும் இந்தச் சொல் காட்டவில்லை.

‘நோபிள் கேன்’ எனப்படும் தடித்த, சாறு நிறைந்த கரும்புக்கு இனிப்பு உண்டு, நோயைத் தாங்கும் சக்தி குறைவு. ஆற்றோர நாணலுக்கு இனிப்பு இல்லை, ஆனால் எதையும் தாங்கி வளரும். இரண்டையும் கலந்தால் தாங்கும் சக்தி வரும், இனிப்பு இறங்கிவிடும். அதனால் கலப்பில் வந்ததை மறுபடி மறுபடி கரும்போடே சேர்த்து இனிப்பை மீட்பார்கள். ஜாவாவில் டச்சுக்காரர்கள் இதற்குத்தான் ‘நோபிலைசேஷன்’ என்று பெயர் வைத்தார்கள். அங்கே 1921இல் உருவான பி.ஓ.ஜே. 2878 என்ற கரும்பு வகை இப்படி மூன்றாம் சுற்றில் கிடைத்தது.

கரணை, அதாவது கரும்புத் துண்டு, வைத்தே நட்டு வந்த பயிர் இது. கரும்பு விதை முளைக்கும் என்பது 1880களில்தான் ஜாவாவிலும் பார்படோசிலும் உறுதியானது. அப்புறம்தான் திட்டமிட்ட கலப்புக்கே வழி பிறந்தது. 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியதற்கும் இதுவே காரணம்: இங்கே கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். அந்த நிலையத்து ஆய்வாளர்கள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற கரும்பை இந்தப் பக்கத்து நாணலோடு கலந்தார்கள். அதில் வந்த கோ 205 என்ற வகை வட இந்திய வயல்களுக்குப் போனது. பெயரில் உள்ள ‘கோ’ நம் கோயம்புத்தூர்தான். இத்தனையும் நடந்த மண்ணில் இதற்கு நல்ல தமிழ்ச் சொல் இல்லாதிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

‘இனிப்பேற்றம்’ என்று ஒரு நண்பர் சொன்னதும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இனிப்பேற்றிய பானம் என்று சர்க்கரை கலந்ததைச் சொல்கிறோமே, குழப்பம் வரும்.

என் பரிந்துரை ‘கரும்பேற்றம்’. இதற்கு உயிரியல் காரணமும் உண்டு. கரும்பில் 80 குரோமோசோம்கள், கோவை நாணலில் 64. வழக்கப்படி ஆளுக்குப் பாதி கொடுத்தால் பிள்ளைக்கு 72 வர வேண்டும். கோ 205இல் இருப்பதோ 112. தாய்க்கரும்பு தன் 80ஐயும் அப்படியே கொடுத்துவிடுகிறது, நாணல் மட்டும் பாதியாக 32 தருகிறது. இப்படி நடப்பதை ஜாவாவில் ப்ரேமர் என்ற ஆய்வாளர் 1920களில் விளக்கினார். ஆக, முதல் கலப்பிலேயே கரும்பின் பங்குதான் ஏறி நிற்கிறது. அடுத்தடுத்த சுற்றில் இன்னும் ஏறும்.

சொல் புழங்கவும் எளிது: கரும்பேற்றிய வகை, இருமுறை கரும்பேற்றியது, மூன்றாம் கரும்பேற்றம். ‘மேன்மைப்படுத்தல்’ என்று வைத்தால் அது எந்தப் பயிருக்கும் பொருந்திவிடும். அதைப் பொதுவான பயிர் மேம்பாட்டுக்கே விட்டுவிடலாம்.

நோபிள் கேனுக்கு ‘இன்கரும்பு’ சரியா என்று பாருங்கள். கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவை ஆலைக்காரர்கள் சர்க்கரைக் ‘கட்டுமானம்’ என்கிறார்களே, அந்த மாதிரி வயலில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் அதற்குத்தான் முதலிடம். கவுந்தப்பாடி, கோபி, உடுமலைப் பக்கம் கரும்பு வைத்திருக்கும் நண்பர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். தடித்த கரும்பையும் நாணல் சாயல் கொண்ட மெல்லிய கரும்பையும் அவர்கள் எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?