திருப்பூர் போட்டியில் நிற்க முதலில் மாற வேண்டியது வரியா, தொழிற்கூடமா?

கோவைப் பொறியாளர்:
திருப்பூரின் பின்னலாடைத் தொழிலைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் வரி, நூல் விலை, வங்கதேசம் ஆகிய மூன்றைச் சுற்றியே நின்றுவிடுகிறது. தொழிற்கூடத்துக்குள் நடக்கும் நிர்வாகத்தைப் பற்றி விவாதிக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதி நெசவாலைகளில் நிக்கோலஸ் புளூம் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2008இல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். எல்லா ஆலைகளிலும் ஒரு மாதம் குறைகளைக் கண்டறிந்தார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு மட்டும், கண்டறிந்ததைச் சரிசெய்ய மேலும் நான்கு மாதம் இலவச ஆலோசனை தந்தார்கள். அங்கே செய்யச் சொன்னவை மிக எளிய காரியங்கள்: நூலுக்குச் சீட்டு ஒட்டி அடுக்குவது, தறி எத்தனை முறை எதனால் நின்றது என்று எழுதி வைப்பது, துணியில் விழுந்த பழுதுகளை நாள்தோறும் கூடிப் பேசுவது. முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. இந்தியாவிலேயே, நம்மைப் போன்ற குடும்ப நிறுவனங்களிலேயே இது நடந்திருக்கும்போது, நம் பனியன் கம்பெனிகள் முதலில் தில்லியை நோக்கிக் கை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவிநாசி ஏற்றுமதியாளர்:
நண்பர் சொல்லும் சோதனையை மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் போட்டியிடும் களம் சமமாக இல்லை என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். வங்கதேச ஆடைகள் 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரியின்றி நுழைகின்றன. நம் சரக்கு ஆண்டாண்டுகளாக 9 முதல் 12 விழுக்காடு வரி கட்டித்தான் உள்ளே போயிருக்கிறது. பஞ்சு இறக்குமதிக்கு 2021இல் வரி போட்டார்கள். அடுத்த ஆண்டு நூல் விலை எட்டாத உயரத்துக்குப் போய், மே மாதத்தில் ஊரே வேலைநிறுத்தம் செய்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களின் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, கையில் இருந்த ஆர்டருக்கும் பையர், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், தள்ளுபடி கேட்டார். இவற்றில் எதையும் சீட்டு ஒட்டித் தீர்க்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டதும் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யல் ஆறு பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் என்பதால் அந்த உத்தரவு நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் சாயக்கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் செலவு ஒவ்வொரு கிலோ துணியிலும் ஏறி நிற்கிறது. இந்தச் செலவை இந்த அளவுக்குச் சுமக்காத நாடுகளோடுதான் நாங்கள் விலை பேசுகிறோம்.

கோவைப் பொறியாளர்:
நீங்கள் சொன்ன சாயப்பட்டறைதான் என் வாதத்துக்கு நல்ல சான்று. கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் பிரித்து நல்ல நீரை மீட்பதோடு, உப்பு மிகுந்த எஞ்சிய நீரையும் சாயமேற்றவே திரும்பப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது இதே ஊர்தான். நெருக்கடி வந்தபோது வீணாவதை அளந்து பார்த்தீர்கள், அளந்ததால் குறைத்தீர்கள். அந்தக் கவனம் தையல் கூடத்துக்குள் ஏன் வரவில்லை என்பதே என் கேள்வி. வரி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரே தெருவில், ஒரே நூலை வாங்கி, ஒரே பையருக்குத் தைக்கும் இரண்டு கம்பெனிகளில் ஒன்று கப்பலில் அனுப்புகிறது. மற்றொன்று கடைசி வாரத்தில் விமானத்தில் அனுப்பி லாபத்தை இழக்கிறது. வெட்டிய துணி பண்டில் பண்டிலாக டெய்லருக்குப் பின்னால் இரண்டு நாள் குவிந்து கிடக்கிறது. முதல் பண்டிலில் கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் பட்டி) இழுத்துத் தைக்கப்பட்டிருப்பது, நூற்றுக்கணக்கான பீஸ்கள் முடிந்து செக்கிங் மேசைக்கு வரும்போதுதான் தெரிகிறது. இதற்கும் ஐரோப்பிய வரிக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

லைன் சூப்பர்வைசர்:
நான் ஓவர்லாக் டெய்லராகச் சேர்ந்து இப்போது ஒரு லைனை, அதாவது ஒரு தையல் மெஷின் வரிசையை, பார்த்துக்கொள்பவள். பொறியாளர் ஐயா சொல்லும் பண்டில் குவியலை நாள்தோறும் பார்க்கிறேன். ஆனால் அது ஏன் குவிகிறது என்று டெய்லரிடம் யாரும் கேட்பதில்லை. பீஸ் ரேட்டில், அதாவது பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில், தைப்பவருக்குப் பக்கத்தில் சரக்கு இருந்தால்தான் சம்பளம். குவியல் குறைந்தால், முந்தைய மெஷின் நிற்கும்போது இவரும் கூலியில்லாமல் உட்கார வேண்டும். கையில் கடிகாரத்தோடு ஒருவர் வந்து நின்றால் எல்லாரும் மெதுவாகத் தைப்பதும் அறியாமையால் அன்று. வேகமாகத் தைத்துக் காட்டினால் அடுத்த ஸ்டைலுக்கு ரேட்டைக் குறைப்பார்கள் என்பது அனுபவம். ரிப் இழுக்கிறது என்று ஒருத்தி எழுந்து சொன்னால், அந்த நேரத்துக்கான கூலியை இழப்பது அவள்தான். இந்தக் கணக்கைத் திருத்தாமல் கொண்டுவரும் எந்த முறையும் எங்கள் சம்பளத்திலிருந்து எடுத்து நடத்தும் முறையாகவே முடியும்.

பொருளியல் ஆசிரியர்:
சூப்பர்வைசர் அம்மா சொன்னதற்குப் பாகிஸ்தானின் சியால்கோட்டில் நடந்த ஆய்வு ஒன்று நேரடிச் சான்றாக இருக்கிறது. அங்கே கால்பந்து செய்யும் நிறுவனங்களுக்கு, ரெக்ஸின் தாளில் வீணாகும் துண்டுகளைக் குறைக்கும் புதிய வெட்டச்சை ஆய்வாளர்கள் இலவசமாகவே கொடுத்தார்கள். லாபம் கண்கூடாகத் தெரிந்தும் பெரும்பாலோர் அதைத் தொடவில்லை. பீஸ் ரேட்டில் வெட்டுபவருக்குப் புதிய அச்சு தொடக்கத்தில் வேகத்தைக் குறைத்தது. மிச்சமாகும் ரெக்ஸினில் அவருக்குப் பங்கும் இல்லை. அதனால் அந்த அச்சு உதவாது என்று வெட்டுபவர்களே முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். பிறகு, அச்சைப் பயன்படுத்தத் தெரிந்ததாகக் காட்டும் தொழிலாளிக்கு ஏறத்தாழ ஒரு மாத வருமானத்தை ஊக்கத்தொகையாகத் தருவோம் என்று ஆய்வாளர்கள் சொன்னதும் மேலும் சில நிறுவனங்கள் அச்சை ஏற்றுக்கொண்டன. நிறுவனத்துக்கு அது மிகச் சிறிய தொகை. 2017இல் வெளியான இந்த ஆய்வை மும்பை ஆய்வோடு சேர்த்துப் படிப்பதே முறை.

மும்பை ஆலைகளுக்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே ஆய்வாளர்கள் திரும்பிப் போனபோது, புகுத்திய முறைகளில் பாதியளவு கைவிடப்பட்டிருந்தது. மேலாளர் மாறியதும், முதலாளிக்கு நேரமில்லாததும் முக்கியக் காரணங்கள். அங்கே ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளரும் என்பதைத் தீர்மானித்தது, குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதே என்றும் முதல் ஆய்விலேயே கண்டார்கள். வெளியாளிடம் பொறுப்பை ஒப்படைக்கத் தயங்குவது நம் கொங்கு மண்டலத்துக்கும் புதியதன்று.

அவிநாசி ஏற்றுமதியாளர்:
தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. பயிற்சி கொடுத்து உருவாக்கிய சூப்பர்வைசரை அடுத்த கம்பெனி ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து அழைத்துக்கொள்ளும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களில் வீணாவதைக் குறைக்க 2023இல் ஒன்றிய அரசு புதுப்பித்த லீன் திட்டத்தில் ஆலோசனைச் செலவில் 90 விழுக்காட்டை அரசு ஏற்கிறது. அது ஆலோசகருக்குப் போகும் பணம். முறை மாறும் வாரங்களில் டெய்லர் இழக்கும் கூலிக்கு அதில் இடமில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இன்று பெரிய பையர்கள் ஒரு பீஸுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குக் கேட்டு விலையை முடிக்கிறார்கள். நான் பாடுபட்டு இரண்டு நிமிடம் மிச்சப்படுத்தினால், அடுத்த பருவத்தில் அந்த இரண்டு நிமிடத்தின் விலையைக் குறைத்துக்கொள்வது அவர்கள்தான்.

லைன் சூப்பர்வைசர்:
பையர் உங்களிடம் செய்வதைத்தான் கம்பெனிகள் எங்களிடம் செய்கின்றன. உங்களுக்கு அது அநியாயமாகத் தெரிகிறது என்றால் எங்களுடையதும் தெரிய வேண்டும். நான் கேட்பது இரண்டே. முறை மாறும் காலத்தில் முந்தைய மூன்று மாதச் சராசரிக் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும். வேகம் கூடியதைக் காரணம் காட்டி ஓராண்டுக்கு ரேட்டைக் குறைப்பதில்லை என்று எழுதித் தர வேண்டும். ஒரே ஒரு லைனில் செய்து பாருங்கள். ஆல்டரேஷன், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்கும் வேலை, எவ்வளவு குறைகிறது என்று நீங்களே எழுதி வையுங்கள்.

அவிநாசி ஏற்றுமதியாளர்:
கூலிக்கு உறுதி தருவதில் எனக்குத் தடையில்லை. ஒரு லைனுக்கு அந்தச் செலவைத் தாங்குவேன். ஓராண்டு ரேட் உறுதியைப் பையரின் விலை தெரியாமல் எழுதித் தர முடியாது. ஆறு மாதம், அதாவது ஒரு பருவத்துக்கு என்றால் பேசலாம். அதற்காக ஐரோப்பிய வரியைப் பற்றி நான் கேட்பதை நிறுத்தப்போவதுமில்லை.